ஜாம்பியைச் சுடாமல் போவது எப்படி? வாசகர் கேள்வி, அண்ணன் பதில்

போன இதழில் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்ற ஜாம்பி வீடியோ ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியதற்கே கேள்விகள் குவிந்துவிட்டன. சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இத்தனை பேர் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுப் பேய் விளையாட்டு ஆடுகிறீர்கள் என்று தெரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 1998-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த பழைய ஆட்டத்தை கேப்காம் நிறுவனம் 2019 ஜனவரியில் அடியிலிருந்து புதிதாகச் செய்து வெளியிட்டது. கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். கதையின் முடிச்சை எங்கேயும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

“அண்ணா, போலீஸ் நிலையத்துக்குள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே தோட்டா எல்லாம் காலி. தலையைப் பார்த்துத்தான் சுடுகிறேன், ஐந்தாறு குண்டு வாங்கியும் எழுந்து வருகிறது. மூன்றாவது தடவையாக முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். என்னதான் செய்வது?”
– ஐந்தாம் படிவ மாணவர், சுங்கை சிப்புட்

தம்பி, நீங்கள் குறி வைப்பதில் ஒரு குறையும் இல்லை. கண்ணில் படுவதை எல்லாம் கொன்றாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தோட்டா போகிறது. மற்ற துப்பாக்கி ஆட்டங்களில் எதிரி விழுந்தால் காசு விழும், தோட்டா விழும், புள்ளி ஏறும். இதில் ஜாம்பி விழுந்தால் ஒன்றும் விழாது, உங்கள் தோட்டா போனதுதான் மிச்சம். அதனால் ஒரு நடைவழியில் கால் வைத்ததும், இந்த வழியாக இன்னும் எத்தனை தடவை போய்வர வேண்டியிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஒரே தடவை போகிற அறை என்றால் சுற்றிக்கொண்டு ஓடிவிடுங்கள். பெரிய மண்டபத்திலிருந்து மேற்குப் பக்கத்து இருட்டறைக்குப் போகிற நடை மாதிரி திரும்பத் திரும்ப நடக்கிற வழி என்றால் மட்டும் தோட்டாவைச் செலவழித்து அதைச் சுத்தம் செய்யுங்கள். ஜன்னலுக்கு அடிக்கக் கிடைக்கும் மரப்பலகைகளுக்கும் இதே கணக்குத்தான். கைக்குக் கிடைத்தவுடன் பக்கத்து ஜன்னலில் அடித்துவிடாமல், அதிகமாக நடக்கிற வழிக்கு எடுத்துவையுங்கள், ஏனென்றால் அந்த ஜன்னல்கள் வழியாக ஜாம்பிகள் புதிது புதிதாக உள்ளே ஏறி வந்துகொண்டே இருப்பார்கள்.

தலையில் எத்தனை குண்டு என்பதற்கு நிலையான கணக்கு இல்லை. ஒரு சமயம் ஒரே குண்டில் சிதறும், இன்னொரு சமயம் எத்தனை வாங்கினாலும் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஆடுகிற விதத்தை உள்ளுக்குள் கவனித்துக் கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. ஆகவே முழங்காலைக் குறி வையுங்கள். கால் போனால் ஊர்ந்துதான் வரும், அகலமான இடமாக இருந்தால் தாண்டிப் போய்விடலாம். குறுகலான நடையில் மட்டும் ஜாக்கிரதை, ஊர்ந்து வருவது காலைக் கவ்விவிடும். சுடும்போது நடக்காதீர்கள், ஓரிடத்தில் நின்று குறிவட்டம் சுருங்கும்வரை ஒரு மூச்சுப் பொறுத்துச் சுடுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் வீணாக்கும் தோட்டாவில் பெரும்பகுதி இந்த ஒரு மூச்சுப் பொறுக்க முடியாமல் போனதுதான்.

விழுந்து கிடப்பதையும் நம்ப வேண்டாம். தாண்டுவதற்கு முன் கத்தியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், உயிர் இருந்தால் அசையும். ஆனால் அந்தக் கத்தி தேயும், ஒரு கட்டத்தில் உடைந்துபோகும். அதைவிட முக்கியமான வேலை அதற்கு ஒன்று உண்டு: ஜாம்பி உங்களைப் பிடிக்கும்போது அதற்கான பட்டனைத் தட்டினால் கத்தியைக் குத்திவிட்டு ஒரு கடியும் வாங்காமல் தப்பலாம். குத்திய கத்தி அந்த உடம்பிலேயே நிற்கும், அதை வீழ்த்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு கத்தியாவது இல்லாமல் புது இடத்துக்குள் போகாதீர்கள்.

“பை எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கிறது. நல்ல பொருள் கிடைத்தாலும் எடுக்க முடியவில்லை. எதைத் தூக்கிப் போடுவது?”
– வாசகி, செம்பனைத் தோட்டக் குடியிருப்பு, கோல கங்சார் பக்கம்

தொடக்கத்தில் எட்டு இடம்தான் கொடுப்பார்கள், தங்கச்சி. வழியில் கிடைக்கும் இடுப்புப் பை ஒவ்வொன்றும் இரண்டு இடம் கூட்டும், ஆகவே எங்காவது இடுப்புப் பை இருக்கிறது என்று தெரிந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். சாவி, பல்சக்கரம் மாதிரிப் பொருள்களின் மேல் சிவப்பு டிக் குறி விழுந்தால் அதற்கு இனி வேலை இல்லை, யோசிக்காமல் போட்டுவிடலாம். அந்தக் குறி இல்லாததை ஆங்காங்கே இருக்கும் பொருள் பெட்டியில் வையுங்கள். ஒரு பெட்டியில் வைத்ததை வேறு எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்கலாம், எல்லாம் ஒரே பெட்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைகளைச் சேர்த்தால் இடமும் மிச்சம், பலனும் அதிகம். பச்சை மட்டும் கொஞ்சம்தான் குணமாக்கும். பச்சையோடு சிவப்பு சேர்ந்தால் முழுசாகக் குணமாகும். சிவப்பைத் தனியாகச் சாப்பிட முடியாது, அதனால் சிவப்பு கிடைத்தால் பச்சைக்காகப் பத்திரப்படுத்துங்கள். நீலம் விஷத்துக்கு, போலீஸ் நிலையத்தில் இருக்கும்வரை அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், பின்னால் சாக்கடைப் பகுதிக்குப் போகும்போது தேடுவீர்கள். சாதாரண வெடிமருந்து இரண்டைச் சேர்த்தால் கைத்துப்பாக்கித் தோட்டா.

இதையெல்லாம்விட வரைபடத்தைப் பார்க்கப் பழகுங்கள். ஓர் அறையில் இன்னும் எடுக்காத பொருள் இருந்தால் அது சிவப்பாக இருக்கும், எல்லாவற்றையும் எடுத்து முடித்தால் நீலமாகும். நீங்கள் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்ட பொருளும் வரைபடத்தில் குறியாக நிற்கும். அப்படியானால், உடம்பு நன்றாக இருக்கும்போது மூலிகையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வரலாம், யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அடிபட்ட பிறகு வந்து எடுக்கலாம். வெளியே கிளம்பும்போது ஒரு துப்பாக்கி, அதற்கான தோட்டா, ஒரு கத்தி, ஒரு கலந்த மூலிகை, அந்தப் பயணத்துக்கு வேண்டிய சாவி, இவ்வளவு போதும். மீதி இடம் காலியாக இருக்கட்டும், கொண்டுவருவதற்குத்தானே போகிறோம்.

“எங்கள் பக்கம் சாயங்காலம் இடி மழை என்றால் மின்சாரம் போய்விடும். ஆடியது எல்லாம் போய்விடுமோ என்று பயம்.”
– தந்தை பெயரில் எழுதிய மகன், இரண்டாம் படிவம்

ஸ்டாண்டர்ட் என்ற சாதாரணக் கஷ்ட நிலையில் ஆடினால் சில கட்டங்களில் ஆட்டமே தானாகச் சேவ் செய்துகொள்ளும், தட்டச்சு இயந்திரம் இருக்கும் இடத்தில் நீங்களும் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஹார்ட்கோர் என்ற கடினமான நிலையில்தான் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் இங்க் ரிப்பன், அதாவது தட்டச்சு மை நாடா வேண்டும், தானாகச் சேவ் ஆவதும் கிடையாது. 1996-ல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் ஆட்டத்தின் பழைய சட்டம் அது. அந்த ஆட்டத்திலிருந்துதான் இந்த வகைக்கே ‘சர்வைவல் ஹாரர்’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. மின்சாரம் போகிற வீட்டில் ஹார்ட்கோர் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்பச் சேவ் செய்யாமல் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தோட்டாவே இல்லாமல் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடர அது உதவும், முதலிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் வராது. இடி இடிக்கத் தொடங்கியதும் சேவ் செய்து, மின் பிளக்கோடு இணைய மோடத்தின் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரலாம்.

“தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வந்து ராத்திரி ஒரு மணிக்கு ஆடுவேன். அந்தத் தொப்பிக்காரன் வந்ததிலிருந்து எனக்குப் பயந்து கை நடுங்குது. எவ்வளவு சுட்டாலும் சாக மாட்டேங்குறான். விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.”
– வாசகி, 24 வயது

விட்டுவிடாதீர்கள். அந்தத் தொப்பிக்காரர், அதாவது மிஸ்டர் எக்ஸ் வருகிற பகுதிதான் இந்த ஆட்டத்திலேயே சிறந்த பகுதி என்று நான் நினைக்கிறேன், அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டால் இந்த வகையில் எந்த ஆட்டத்தையும் ஆடலாம்.

முதலில் ஹெட்போன் போடுங்கள். லயன் வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களுக்காகவும்தான், ஆனால் அதைவிட முக்கியம், அவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காலடிச் சத்தமே சொல்லிவிடும். மேல் மாடியில் நடந்தால் தலைக்கு மேல் கேட்கும். மங்கலாகக் கேட்டால் இரண்டு மூன்று அறை தள்ளி. கதவு திறக்கும் சத்தத்தோடு சேர்ந்து கனமாகக் கேட்டால் அடுத்த அறை. ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் பாதி தெரியாது. கண்ணால் தேடிக்கொண்டிருந்தால் பயம் கூடும், காதால் கேட்கத் தொடங்கினால் குறையும். ஒரு புது வழியில் கிளம்புமுன் கதவோரம் சும்மா நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அவரைச் சுடாதீர்கள். நிறையச் சுட்டால் முழங்காலிட்டு உட்காருவார், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார், உங்கள் தோட்டா திரும்ப வராது. போதாததற்குத் துப்பாக்கிச் சத்தம் அவரை அந்தப் பக்கமே இழுக்கும். அவர் நடப்பார், நீங்கள் ஓடலாம், அது போதும். இரண்டு கதவு உள்ள அறையில் ஒரு சுற்றுச் சுற்றி மற்றக் கதவு வழியாக வெளியே வாருங்கள். ஒரே கதவு உள்ள அறைக்குள் துரத்தலோடு நுழையாதீர்கள். தட்டச்சு இயந்திரமும் பெட்டியும் உள்ள சின்ன அறைகளில் அமைதியான இசை கேட்கும், அங்கே வர மாட்டார். ஆனால் நடு மண்டபத்தில் தட்டச்சு இயந்திரம் இருக்கிறதே என்று நம்பி நிற்காதீர்கள், அங்கே வருவார்.

இதோடு இன்னொன்றும் சேரும்போதுதான் உண்மையான கஷ்டம். லிக்கர் என்று சுவரிலும் கூரையிலும் ஊர்கிற ஒன்று இருக்கிறதே, அதற்குக் கண் தெரியாது, காது மட்டும்தான். அதன் கீழே மெதுவாக நடந்து போனால் ஒன்றும் செய்யாது. பின்னால் மிஸ்டர் எக்ஸ் வந்தால் ஓட வேண்டும், மேலே லிக்கர் இருந்தால் ஓடக் கூடாது. இந்த இரண்டும் ஒரே நடையில் சேர்கிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதுதான் அதற்கு மருந்து. வரைபடத்தைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிதானமாக யோசிக்கலாம். பயம் தலைக்கேறும்போது முதலில் தட்ட வேண்டிய பட்டன் அதுதான்.

கொல்லவே முடியாத எதிரி உங்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்து 2014-ல் வந்த ‘ஏலியன்: ஐசொலேஷன்’ ஆடுங்கள். அதில் கையிலிருக்கும் தேடுகருவி போடும் சத்தம் உங்களைத் துரத்தும் வேற்றுக்கிரக மிருகத்துக்கே கேட்கும், சேவ் செய்ய ஆகும் சில விநாடிக்குள் பின்னால் வந்து கொல்லவும் செய்யும். பிளேஸ்டேஷன் 4-ல் கேமரா இருந்தால் உங்கள் அறையில் எழும் சத்தத்தையும் அது கேட்கிற மாதிரி வைக்க ஒரு வசதி உண்டு. சேவல் கூவுகிற வீட்டில் அதை அணைத்து வையுங்கள்.

“என் மகனுக்குப் பத்து வயது. அவன் அண்ணன் இதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான், ராத்திரி தனியாகக் கழிவறைக்குப் போக மாட்டேன் என்கிறான். பாட்டி, இதெல்லாம் வீட்டுக்குள் கெட்டதை அழைக்கும் என்று திட்டுகிறார்கள்.”
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

அக்கா, பாட்டி சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு சரி. இந்த ஆட்டத்துக்கு ஐரோப்பாவில் 18, அமெரிக்காவில் 17 என்று வயது போட்டிருக்கிறார்கள். சதை கிழிவதை அப்படியே காட்டுவார்கள், பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் ஆடுவது மாதிரிதான். இன்னும் சொல்லப்போனால் அதைவிட மோசம், ஆடுகிறவன் கையிலாவது துப்பாக்கி இருக்கிறது, பார்க்கிறவனுக்கு ஒன்றுமே இல்லை. தம்பி தூங்கிய பிறகு ஆடச் சொல்லி மூத்தவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சின்னவனுக்குப் பேய் வீடுதான் வேண்டும் என்றால், நின்டெண்டோ சுவிட்ச் இருக்கிற வீட்டில் 2019-ல் வந்த ‘லுயிஜிஸ் மேன்ஷன் 3’ இருக்கிறது. பேயை வேக்யூம் கருவியால் உறிஞ்சிப் பிடிப்பது, அதற்கு ஐரோப்பாவில் 7 வயது.

“ரெசிடென்ட் ஈவில் 7 தொடங்கினால் கால்மணி நேரத்தில் தலை சுற்றி வாந்தி வருகிறது. பயத்தாலா?”
– வாசகர், கந்தான்

பயம் இல்லை. பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கிற ஆட்டங்களில் பலருக்கு இப்படி வரும், கண் அசைவதாகச் சொல்கிறது, உடம்பு உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. அமைப்புகளுக்குப் போய், வசதி இருந்தால் பார்வைக் கோணத்தை அகலமாக்குங்கள், நடக்கும்போது கேமரா ஆடுவதையும், அசையும்போது படம் மங்கும் மோஷன் ப்ளரையும் அணையுங்கள், அறையில் ஒரு விளக்கு எரியட்டும், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். குமட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது பலருக்கு நடப்பதில்லை. அப்படியும் முடியாவிட்டால் பின்னாலிருந்து பார்க்கிற ரெசிடென்ட் ஈவில் 2-க்கோ 2023-ல் புதிதாக வந்த 4-க்கோ போய்விடுங்கள். ‘வில்லேஜ்’ என்ற எட்டாவது ஆட்டத்திலும் 2022-ல் வெளியான கூடுதல் பகுதியை வாங்கினால் பின்னாலிருந்து பார்த்து ஆடலாம்.

“என்னிடம் அக்காவின் பழைய மடிக்கணினிதான் இருக்கிறது. புது ஆட்டம் எதுவும் ஓடாது.”
– நான்காம் படிவ மாணவி, லிந்தாங்

கவலையே வேண்டாம், பழைய மூன்று ரெசிடென்ட் ஈவில் ஆட்டங்களும் 2024-ல் ஜிஓஜி என்ற, ஆட்டங்கள் விற்கும் இணையத் தளத்துக்கு வந்துவிட்டன, அவை பழைய கணினியிலும் ஓடும். முதல் ஆட்டத்தில் ஜில் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். அவள் பையில் எட்டு இடம், இன்னொரு பாத்திரமான கிறிஸுக்கு ஆறுதான். பூட்டுத் திறக்கும் கருவியும் அவளிடம் உண்டு.

இதில் கேமரா மூலையில் நிலையாக நிற்கும், மேல் அம்பை அழுத்தினால் பாத்திரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நடக்கும். முதலில் கை தடுமாறும், ஒரு காலி அறையில் சும்மா சுற்றிச் சுற்றி நடந்து பழகிவிட்டு வெளியே போங்கள். மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது, முனகல் கேட்டால் நின்று துப்பாக்கியைத் தூக்குங்கள். சேவ் செய்ய இங்க் ரிப்பன் வேண்டும், அதனால் ஒரு புதிர் முடிந்ததும் அல்லது ஒரு நல்ல பொருள் கிடைத்ததும் செய்யுங்கள், ஒவ்வொரு அறைக்கும் செய்யாதீர்கள்.

“ரெசிடென்ட் ஈவில் 2-ஐ அசிஸ்டட் என்ற எளிய நிலையில் ஆடினால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.”
– பல பேர்

செய்யட்டும். அதில் குறி தானாகச் சேரும், உயிர் ஓரளவு தானாகத் திரும்பும், அறைகளும் புதிர்களும் கதையும் எல்லாம் அதே. முதல் தடவை அதில் முடித்துவிட்டு, வழியெல்லாம் மனப்பாடமானதும் ஸ்டாண்டர்டுக்குப் போங்கள்.

“ஜாம்பி எல்லாம் வெள்ளைக்காரர் பேய். நம் பக்கத்துப் பெண் பேய் பொந்தியானாக் வருகிற ஆட்டம் இல்லையா, அண்ணா?”
– வாசகர், சுங்கை சிப்புட்

இருக்கிறது. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் செய்து 2014-ல் வெளியான ‘ட்ரெட்அவுட்’. பொந்தியானாக்கை அவர்கள் குந்திலானாக் என்பார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, கையில் துப்பாக்கி இல்லை, கைப்பேசிக் கேமராதான் ஆயுதம். ஜப்பானின் டெக்மோ 2001-ல் செய்த ‘ஃபேட்டல் ஃபிரேம்’ ஆட்டத்தில் பழைய புகைப்படக் கருவியால் பேயைப் பிடிப்பார்கள், அந்த வழியில் வந்தது இது. அந்த ஜப்பானிய ஆட்டத்தில் பேய் தூரத்தில் இருக்கும்போது படம் எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, பாய்ந்து உங்களைத் தொடப்போகிற கடைசி நொடியில் எடுத்தால்தான் பலமாக அடிபடும். அதாவது ஓடாமல், கண்ணை மூடாமல், முகத்துக்கு நேராக வரவிட வேண்டும். இரண்டையும் ஆடுவதென்றால் ‘ட்ரெட்அவுட்’டை முதலில் ஆடுங்கள், வாழைமரத்தடியும் பழைய பள்ளிக்கூடமும் நமக்குத் தெரிந்த இடம் என்பதால் அந்தப் பயம் வேறு மாதிரி ஏறும்.